ஒரு தராசு, ஒரு டம்ளர் தண்ணீர்: வீட்டிலேயே அடர்த்தி அளந்து ஒப்பிடுவது எப்படி

அடர்த்தி என்றால் நிறையைப் பருமனால் வகுப்பது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். சூத்திரம் சரிதான். ஆனால் ஒரு வளையலையோ குத்துவிளக்கையோ கையில் வைத்துக்கொண்டு அதன் பருமனை எப்படிக் கண்டுபிடிப்பது? அளவுசாடியில் போடு, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார், அவ்வளவுதான் பாடம். ஒரு வளையலுக்குத் தண்ணீர் ஏறுவது ஒன்றரை மில்லி லிட்டர்கூட இருக்காது, சாடியில் இருக்கும் கோடுகளோ ஐந்து ஐந்து மில்லிக்கு ஒன்று. இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

பருமனை, அதாவது கன அளவை, சாடியில் அளக்கவே வேண்டாம், தராசு ஒன்றே போதும் என்று ஒரு வழி இருக்கிறது. அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன், அப்புறம் அதை வைத்துத் தங்கம், வெள்ளி, பால், எண்ணெய், பிளாஸ்டிக், மணல் என்று எதையெல்லாம் ஒப்பிடலாம் என்று பார்க்கலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அடர்த்தியை வைத்து "இது அது இல்லை" என்று அடித்துச் சொல்லலாம், "இது அதுதான்" என்று சொல்ல முடியாது. வெவ்வேறு பொருள்களுக்கு ஒரே அடர்த்தி இருக்கலாம், கலப்படம் செய்கிறவர்களுக்கு அது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். கெட்டியாக, கொழகொழவென்று இருப்பது வேறு, அடர்த்தி வேறு. விளக்கெண்ணெய் தண்ணீரைவிட எவ்வளவோ கெட்டி, ஆனாலும் தண்ணீரில் மிதக்கும், அதன் அடர்த்தி 0.96 தான். பாதரசம் தண்ணீர் மாதிரி ஓடும், அடர்த்தி 13.5. ஊற்றும்போது எப்படி விழுகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அலகு பற்றி இரண்டு வரி. ஒரு மில்லி லிட்டருக்கு எத்தனை கிராம், ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோ, ஒரு கன மீட்டருக்கு எத்தனை டன், மூன்றுக்கும் எண் ஒன்றுதான். தண்ணீருக்கு 1, இரும்புக்கு 7.87. கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்று போட்டால் மட்டும் ஆயிரத்தால் பெருக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் 748 என்று எழுதியிருப்பதும் 0.748 என்று எழுதியிருப்பதும் ஒன்றே.

தொங்கவிட்டு அளக்கும் முறை

தேவையானவை: ஒரு டிஜிட்டல் தராசு, ஒரு லேசான பிளாஸ்டிக் டம்ளர், மெல்லிய நூல் (தையல் நூல் போதும், அதைவிட மெல்லியது கிடைத்தால் நல்லது), பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. நகைக்கும் நாணயத்துக்கும் 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு வேண்டும். கல், கட்டை போன்ற பெரிய பொருள்களுக்கு 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசே தாராளம். சின்னத் தராசுகள் பெரும்பாலும் 200 கிராமுக்கு மேல் தாங்காது, அதனால்தான் டம்ளர் லேசாக இருக்கட்டும் என்கிறேன்.

முதலில் பொருளைக் காய்ந்த நிலையில் நிறுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் டம்ளரில் பொருள் முழுக்க மூழ்குகிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டு சோப்பைக் கலந்து, தராசில் வைத்து 'டேர்' பொத்தானை அழுத்திப் பூஜ்யம் ஆக்குங்கள். இப்போது பொருளை நூலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். முழுக்க மூழ்க வேண்டும், அடியைத் தொடக் கூடாது, பக்கச் சுவரையும் தொடக் கூடாது, நூலின் மறுமுனை உங்கள் கையில். கை ஆடினால் எண்ணும் ஆடும், அதனால் பக்கத்தில் இரண்டு புத்தக அடுக்கு வைத்து மேலே ஒரு குச்சியைக் குறுக்கே போட்டு அதில் நூலைக் கட்டிவிடுவது நல்லது.

தராசு இப்போது காட்டும் எண் என்ன தெரியுமா? பொருள் இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. தண்ணீர் பொருளை மேலே தள்ளுகிறது, அதே அளவுக்குப் பொருள் தண்ணீரைக் கீழே அழுத்துகிறது, அந்த அழுத்தம்தான் தராசில் தெரிகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லி லிட்டர், ஆகவே அந்த எண்ணே பொருளின் கன அளவு. முதலில் குறித்த எடையை இதால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். அவ்வளவுதான் வேலை.

நம்ம ஊர் வெயிலில் 30 டிகிரியில் தண்ணீரின் அடர்த்தி 0.996, அதனால் வரும் விடையை 0.996-ஆல் பெருக்கினால் இன்னும் துல்லியம், பெருக்காவிட்டாலும் வீட்டு வேலைக்கு ஒன்றும் குடி முழுகிவிடாது. இதைவிடப் பெரிய எதிரி காற்றுக்குமிழி. சங்கிலிக் கண்ணிகளுக்கு நடுவில், செதுக்கல் வேலைப்பாட்டுக்குள் எல்லாம் குமிழி ஒட்டிக்கொள்ளும், கன அளவு கூடுதலாகக் காட்டும், நல்ல வெள்ளியும் மட்டமானதாகத் தெரியும். சோப்பு போடச் சொன்னது இதற்குத்தான். இறக்கிய பிறகு நூலை இரண்டு மூன்று முறை லேசாக ஆட்டிக் குமிழியை விரட்டிவிட்டு அப்புறம் எண்ணைப் படியுங்கள்.

நகையில் கை வைப்பதற்கு முன்னால் தெரிந்த பொருளில் பழகுங்கள். சமையலறைத் தராசு என்றால் இஞ்சி இடிக்கும் கல்லின் குழவி நல்ல பொருள்: கருங்கல் என்றால் 2.7-ஐ ஒட்டி வர வேண்டும். சின்னத் தராசு என்றால் கைப்பிடி உள்ளே பொள்ளலாக இல்லாத எவர்சில்வர் கரண்டி, 7.7-இலிருந்து 8-க்குள் வரும். வரவில்லை என்றால் குமிழியோ, அடியில் தொட்டுக்கொண்டிருப்பதோ, இரண்டில் ஒன்றுதான் காரணம்.

எந்த அளவு வரை இதை நம்பலாம்? எடையை அளப்பதில் பிழை அதிகம் வராது, தண்ணீரில் காட்டும் எண்தான் சின்னது, பிழை அங்கேதான். தராசு காட்டக்கூடிய மிகச்சிறிய அளவைப் போல் நூறு மடங்காவது தண்ணீர் எண் இருந்தால் பிழை ஒரு சதவீதத்துக்குள் நிற்கும். 1 கிராம் தராசு என்றால் பொருள் 100 மில்லியாவது பெரிதாக இருக்க வேண்டும். 0.01 தராசு என்றால் 1 மில்லி போதும். இந்தக் கணக்கைப் போடாமல் சமையலறைத் தராசில் மோதிரத்தைத் தொங்கவிட்டு, தண்ணீர் எண் பூஜ்யம் என்று வந்தவுடன் தராசைத் திட்டுவதில் பயனில்லை.

மிதக்கிற பொருள் என்றால் நூலுக்குப் பதில் ஒரு ஊசியால் தண்ணீருக்குள் அழுத்திப் பிடியுங்கள். பொருள் முழுக்க மூழ்கி, ஊசியின் முனை மட்டும் உள்ளே இருக்கிற நிலையில் வரும் எண்தான் கன அளவு. தண்ணீரில் கரையும் பொருள், கல்கண்டு மாதிரி, என்றால் டம்ளரில் தண்ணீருக்குப் பதில் சமையல் எண்ணெய் ஊற்றி, வரும் எண்ணை எண்ணெயின் அடர்த்தியால் (சுமார் 0.91) வகுத்துக்கொள்ளுங்கள். செங்கல் போலத் தண்ணீரை உறிஞ்சும் பொருளுக்கு இந்த முறையே வேண்டாம், டேப் வைத்து நீளம் அகலம் உயரம் அளந்துவிடுங்கள். ஒன்பதுக்கு நாலுக்கு மூன்று அங்குலச் செங்கல் சுமார் 1.77 லிட்டர், மூன்று கிலோ இருந்தால் அடர்த்தி 1.7. ஏ.ஏ.சி. பிளாக் (உள்ளே காற்றுத் துளைகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) 0.6 பக்கத்தில்தான் இருக்கும், தொட்டியில் போட்டால் மிதக்கும்.

ஆர்க்கிமிடிஸ் கதை எல்லோருக்கும் தெரியும்: சிரக்கூஸ் மன்னன் ஹீரோவின் பொற்கிரீடம், குளியல் தொட்டி, வழிந்த தண்ணீர். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் சொல்லித்தான் அந்தக் கதை நமக்கு வந்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் வழிந்த தண்ணீரை வைத்துத் திருட்டைப் பிடிப்பது கஷ்டம். ஒரு கிலோ தூய தங்கம் சுமார் 52 மில்லி. அதில் 300 கிராமை எடுத்துவிட்டு வெள்ளி கலந்தால் 65 மில்லி. 20 செ.மீ. விட்டமுள்ள பாத்திரத்தில் இந்த 13 மில்லி வித்தியாசம் நீர்மட்டத்தை அரை மில்லி மீட்டர்கூட உயர்த்தாது. கலிலியோ 1586-இல், 22 வயதில், இதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார்: ஆர்க்கிமிடிஸ் மாதிரி ஆள் இப்படி மொட்டையாகச் செய்திருக்க மாட்டார், தண்ணீருக்குள் தொங்கவிட்டுத் தராசில்தான் பார்த்திருப்பார் என்று. டம்ளரும் நூலும் வைத்து நாம் செய்வதும் அதேதான்.

தங்கம், வெள்ளி

தூய தங்கம் 19.3. நாம் போடும் 22 காரட்டில் 91.6 சதவீதம்தான் தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். மீதி முழுக்கச் செம்பு என்றால் 17.6 வரும், முழுக்க வெள்ளி என்றால் 18.0 வரும், நிஜ நகை இடையில் எங்காவது இருக்கும். 18 காரட் 15-இலிருந்து 16. பித்தளை எட்டரை.

இந்த எண்கள் எப்படி வந்தன என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பலரும் இங்கேதான் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். 18 காரட்டில் 75 சதவீதம் தங்கம், 25 சதவீதம் செம்பு என்று வைத்துக்கொண்டு 19.3-இல் முக்கால் பங்கும் 8.96-இல் கால் பங்கும் கூட்டினால் 16.7 வரும். தப்பு. அடர்த்தியைக் கூட்டக் கூடாது, கன அளவைத்தான் கூட்ட வேண்டும். 100 கிராம் நகையில் 75 கிராம் தங்கம் 3.89 மில்லி, 25 கிராம் செம்பு 2.79 மில்லி, மொத்தம் 6.68 மில்லி, 100-ஐ அதால் வகுத்தால் 15.0. லேசான உலோகம் எடையில் கொஞ்சமாக இருந்தாலும் இடத்தை நிறைய அடைத்துக்கொள்ளும், அதனால் கலப்படம் சராசரிக் கணக்கு சொல்வதைவிட அதிகமாகவே அடர்த்தியை இறக்கிவிடும். சோதிக்கிற நமக்கு அது நல்லதுதான்.

மூன்று பவுன் வளையல் ஒன்றை எடுத்துக்கொள்வோம், 24 கிராம். 22 காரட் என்றால் தண்ணீர் எண் 1.36 பக்கம் வரும். 18 காரட் என்றால் 1.55 பக்கம். முலாம் பூசிய பித்தளை என்றால் 2.8. 0.01 தராசில் இந்த மூன்றையும் பிரிக்க ஒரு சிரமமும் இல்லை. ஒரு பவுன் காசு என்றால் தண்ணீர் எண் வெறும் 0.45, பிழை இரண்டு சதவீதத்துக்கு மேல் போகும், பித்தளையா தங்கமா என்று தெரியும், 22-ஆ 21-ஆ என்று கேட்டால் சொல்ல முடியாது.

எண் குறைவாக வந்தால் உடனே நகைக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். கல் பதித்த நகை, உள்ளே அரக்கு வைத்த நகை, பொள்ளலான குண்டு, காப்பு இவற்றுக்கெல்லாம் குறைவாகத்தான் வரும். அந்த எண் சொல்வது "இது முழுக்கக் கெட்டியான 22 காரட் இல்லை" என்பது மட்டும்தான். அரக்கு நகையைத் தண்ணீரில் போடாமலே இருப்பது உத்தமம். மறுபக்கம், எண் சரியாக வந்துவிட்டது என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது: டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தி 19.25, தங்கத்துக்கு ஒட்டினாற்போல. தங்கக் கட்டிக்குள் டங்ஸ்டனை வைத்து மேலே தங்கம் பூசினால் இந்தச் சோதனை பல்லிளிக்கும். ஆகவே அடர்த்தி சரியாக இருந்தாலும் ஹால்மார்க், அதோடு வரும் ஆறு எழுத்து எச்.யூ.ஐ.டி. எண் இரண்டையும் பாருங்கள், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம்.

வெள்ளிக்கு இந்த முறை இன்னும் நன்றாகவே வேலை செய்யும், ஏனென்றால் வெள்ளிப் பொருள் கனமாக இருக்கும், தண்ணீர் எண்ணும் பெரிதாக வரும். தூய வெள்ளி 10.5, 92.5 சதவீத வெள்ளி 10.3 அல்லது 10.4. ஜெர்மன் சில்வர் என்று விற்பதில் வெள்ளி ஒரு துளியும் கிடையாது, செம்பு, நிக்கல், துத்தநாகம்தான், அடர்த்தி 8.7-ஐ ஒட்டி. 60 கிராம் குங்குமச் சிமிழ் தண்ணீரில் 5.8 காட்டினால் சரி, 6.9 காட்டினால் வெள்ளி இல்லை. கொலுசில் மணி இருந்தால் உள்ளே காற்று, அதை வைத்துச் சோதிக்காதீர்கள். பித்தளை, வெண்கலம், செம்பு மூன்றையும் இப்படிப் பிரிக்கலாமா என்று கேட்டால், முடியாது என்றே சொல்வேன்: பித்தளை 8.4 முதல் 8.7, வெண்கலம் 8.7 முதல் 8.9, செம்பு 8.96, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டு நிற்கும். அலுமினியம் 2.7, அதைக் கையில் தூக்கினாலே தெரியும்.

திரவங்கள்

திரவத்துக்குத் தொங்கவிட எதுவும் வேண்டாம். வாய் குறுகிய பாட்டில் ஒன்றைக் காலியாக நிறுத்து, வாய் வரை தண்ணீர் நிரப்பி நிறுத்து, அதையே நன்றாகக் காயவைத்து எண்ணெயை வாய் வரை நிரப்பி நிறுத்துவிடுங்கள். காலிப் பாட்டில் 22 கிராம், தண்ணீரோடு 534, எண்ணெயோடு 488 என்றால், 466-ஐ 512-ஆல் வகுக்க 0.91. பாட்டில் எத்தனை மில்லி பிடிக்கும் என்பதே தேவைப்படவில்லை பாருங்கள். வாய் குறுகலாக இருக்கச் சொல்வது, நிரப்பும்போது வரும் வித்தியாசம் குறையட்டும் என்பதற்காக.

கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எல்லாம் 0.91, 0.92 என்றுதான் வரும். அதனால்தான் ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட்டில் 910 கிராம் என்று போட்டிருக்கிறது. கிலோவுக்கு விலை சொல்லும் கடையையும் லிட்டருக்கு விலை சொல்லும் கடையையும் ஒப்பிடும்போது இந்த ஒன்பது சதவீதத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. எண்ணெய் சூடானால் விரியும், ஒரு லிட்டருக்குள் அடங்கும் எடை குறையும். சில கம்பெனிகள் பாக்கெட்டில் 60 டிகிரியில் ஒரு லிட்டர் என்று அச்சிட்டு வந்தன. சோயா எண்ணெய் 21 டிகிரியில் லிட்டருக்கு 919 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம், ஆக ஒரு பாக்கெட்டுக்கு 26 கிராம் மிச்சம், அவர்களுக்கு. 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைப் போடாதீர்கள், அளவோடு எடையையும் சரியாகப் போடுங்கள் என்று அறிவுறுத்தியது. எடை எந்தச் சூட்டிலும் மாறாது, அதனால் நான் பாக்கெட்டில் கிராமைத்தான் பார்ப்பேன்.

சூட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைய ஆரம்பிக்கும்போது கவனியுங்கள், உறைந்த துண்டு அடியில் போய் உட்காரும், ஏனென்றால் பெரும்பாலான பொருள்கள் உறையும்போது சுருங்கி அடர்த்தி கூடும். தண்ணீர் ஒரு விதிவிலக்கு, பனிக்கட்டி 0.917, அதனால் மிதக்கிறது.

பாலுக்கு லாக்டோமீட்டரே (பாலில் மிதக்கவிட்டு அடர்த்தியைப் பார்க்கும் கருவி) வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லை. பாட்டில் முறையில் ஒரு கிராம் தப்பினாலும் முடிவு தலைகீழாகிவிடும். பாலின் அடர்த்தி 1.028-இலிருந்து 1.032, லாக்டோமீட்டரில் 28 முதல் 32 என்று கடைசி இரண்டு இலக்கம் மட்டும் இருக்கும். நுரை அடங்கிய பிறகு, அதில் குறிப்பிட்ட வெப்பநிலையில் பாருங்கள். இப்போது கணக்கைப் பாருங்கள்: 32 காட்டும் நல்ல பாலில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்தால் 28.8 காட்டும். தேறிவிட்டது! அதற்கும் மேல் ஒரு தந்திரம் உண்டு. கொழுப்பு தண்ணீரைவிட லேசு, ஆடையை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி கூடும், கூடிய அளவுக்குத் தண்ணீரை ஊற்றி மறுபடி 29-க்குக் கொண்டுவரலாம். சர்க்கரை, யூரியா போட்டும் ஏற்றலாம். அதனால் 24 காட்டினால் தண்ணீர் என்று தைரியமாகச் சொல்லலாம், 29 காட்டினால் ஒன்றும் சொல்வதற்கில்லை. பால் சங்கங்களில் கொழுப்பையும் சேர்த்து அளப்பது இதனால்தான்.

பெட்ரோலும் இதே கதை. பங்கில் ஹைட்ரோமீட்டரும் (திரவத்தில் மிதக்கவிட்டு அடர்த்தியைப் பார்க்கும் கருவி) வெப்பமானியும் கேட்டால் கொடுக்க வேண்டும், நீங்களே பார்க்கலாம். பி.எஸ். 6 பெட்ரோல் 15 டிகிரியில் 720-இலிருந்து 775-க்குள் இருக்க வேண்டும். நீங்கள் 32 டிகிரியில் பார்க்கும்போது அதைவிடச் சுமார் 15 குறைவாகக் காட்டும், அதை அட்டவணையைப் பார்த்து 15 டிகிரிக்கு மாற்றி, அன்றைக்கு எழுதி வைத்திருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். மூன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் கேள்வி கேளுங்கள். 720-க்கும் 775-க்கும் நடுவில் எங்கே இருந்தாலும் சரி என்று விட்டுவிடாதீர்கள், அன்றைய எண்ணோடு ஒப்பிடுவதுதான் சோதனை. காலையில் பெட்ரோல் போட்டால் லாபம் என்று சொல்கிறார்களே, பெட்ரோல் இருப்பது நிலத்தடித் தொட்டியில், அங்கே காலைக்கும் மதியத்துக்கும் சூடு பெரிதாக மாறாது. பத்து டிகிரி மாறினால்கூட ஒரு சதவீதம்தான்.

வாயுவைத் தராசில் நிறுக்க நம்மால் முடியாது, ஆனால் ஒரு ஒப்பீடு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். சிலிண்டரில் வரும் எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு அடர்த்தி, கசிந்தால் தரையில் படியும், கண்டறியும் கருவியைத் தரைக்குச் சற்று மேலே பொருத்த வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசு, மேலே போகும், அதற்கான கருவி கூரைக்குப் பக்கத்தில்.

மிதக்குதா, மூழ்குதா

எண்ணே வேண்டாம், இரண்டில் எது கூடுதல் என்று தெரிந்தால் போதும் என்றால் திரவத்தில் போட்டுப் பாருங்கள். தண்ணீர் பாட்டிலையும் அதன் மூடியையும் சின்னச் சின்னத் துண்டாக வெட்டித் தண்ணீரில் போட்டால் பாட்டில் மூழ்கும், மூடி மிதக்கும். பாட்டில் பெட் பிளாஸ்டிக், 1.38. மூடி பாலிஎதிலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன், 0.9-க்கும் 0.96-க்கும் இடையில். மறுசுழற்சி ஆலைகளில் நொறுக்கிய பிளாஸ்டிக்கைத் தொட்டியில் கொட்டிப் பிரிப்பதும் இதை வைத்துத்தான். பி.வி.சி. குழாய்த் துண்டு மூழ்கும், 1.4. துண்டில் குமிழி ஒட்டாமல் விரலால் தேய்த்துவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் மூழ்க வேண்டியதும் மிதந்துகொண்டே இருக்கும்.

விதைநெல்லுக்கு முட்டையை மிதக்கவிடுவது நம் விவசாயிகளுக்குப் புதிதல்ல, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பரிந்துரைக்கிற முறைதான். தண்ணீரில் புது முட்டையைப் போட்டால் மூழ்கும். முட்டை மேலே வந்து பழைய நாலணா அளவுக்கு ஓடு வெளியே தெரிகிற வரை உப்பைக் கரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு விதையைக் கொட்டினால் பதரும் அரைகுறையும் மிதக்கும், கெட்டியான விதை அடியில் தங்கும், அதை மட்டும் எடுத்து நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட வேண்டும், உப்பு நின்றால் முளைப்பு கெடும். புது முட்டையின் அடர்த்தி சுமார் 1.08, ஆக இங்கே முட்டைதான் ஹைட்ரோமீட்டர். பழைய முட்டைக்குள் காற்றறை பெரிதாகி அடர்த்தி குறைந்திருக்கும், கொஞ்சம் உப்பிலேயே மிதந்துவிடும், மட்டமான விதையும் தேறிவிடும்.

கருங்காலி மாலை தண்ணீரில் மூழ்கினால் அசல் என்று ஒரு சோதனை பரவிக்கொண்டிருக்கிறது. மூழ்கினால் அடர்த்தி ஒன்றுக்கு மேல், அவ்வளவுதான் தெரியும். செம்மரத்தின் வயிரமும் மூழ்கும், கறுப்புச் சாயம் போட்ட பிளாஸ்டிக் மணியும் மூழ்கும். போதாததற்குக் கருங்காலியின் அடர்த்தியே மரத்துக்கு மரம் 0.9-இலிருந்து ஒன்றுக்கு மேல் வரை மாறும், நல்ல கருங்காலியே மிதக்கவும் செய்யலாம். பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்தச் சோதனையை நம்பாதீர்கள்.

அரிசி, சிமெண்ட், மணல்

குவியலாக இருக்கும் பொருளுக்கு இரண்டு அடர்த்தி உண்டு. ஒரு லிட்டர் பாத்திரத்தில் அரிசியைக் கொட்டி நிறுத்தால் 800 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆனால் ஒரு அரிசி மணியின் அடர்த்தி 1.4-க்கு மேல், தண்ணீரில் போட்டால் மூழ்குகிறதே. மீதி இடம் முழுக்கக் காற்று. சிமெண்டில் இது இன்னும் அதிகம்: துகளின் அடர்த்தி 3.15, மூட்டையில் இருக்கும்போது 1.44, அதனால்தான் 50 கிலோ மூட்டை சுமார் 35 லிட்டர். ஆக இரண்டு பொருளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே வகை அடர்த்தியை எடுத்திருக்கிறோமா என்று பாருங்கள். தட்டிக் குலுக்கி நிரப்பினால் ஒரு எண், சும்மா கொட்டினால் வேறு எண்.

வீடு கட்டுகிறவர்களுக்கு இதில் உண்மையாகவே பணம் இருக்கிறது, மணலில். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். காய்ந்த மணல் கொட்டிய நிலையில் சுமார் 1.6 என்றால் ஒரு யூனிட் நாலரை டன். மணல் லேசாக ஈரமாக இருந்தால் துகள்களைச் சுற்றி நீர்ப்படலம் உட்கார்ந்து ஒன்றை ஒன்று தள்ளி வைக்கும், மணல் உப்பும். ஐந்து முதல் எட்டு சதவீத ஈரத்தில் இருபது முப்பது சதவீதம் வரைகூட உப்பிவிடும். நிறையத் தண்ணீர் ஊற்றினால் படலம் உடைந்து பழைய அளவுக்கே வந்துவிடும். அதாவது லேசான ஈரம்தான் வாங்குகிறவருக்கு நஷ்டம்.

சோதனை சுலபம். நேரான கண்ணாடி ஜாடியில் வந்திறங்கிய மணலை முக்கால்வாசி போட்டுச் சமப்படுத்தி உயரத்தை அளந்துகொள்ளுங்கள், 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மணல் முழுக்க மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, ஒரு குச்சியால் கிளறி, படிய விடுங்கள். இப்போது 16 செ.மீ. என்றால், 4-ஐ 16-ஆல் வகுக்க 25 சதவீத உப்பல். 100 கன அடிக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள், கையில் இருப்பது 80 கன அடி மணல். கலவை போடும்போதும் இதே கணக்கைப் பார்க்க வேண்டும், ஒரு சட்டி சிமெண்டுக்கு நாலு சட்டி மணல் என்று சொல்லி ஈர மணலை அள்ளிப் போட்டால் உண்மையில் போவது மூணு சட்டிச் சொச்சம்தான்.

அப்படியானால் டன் கணக்கில் வாங்கிவிடலாமே என்று தோன்றும். எடையில் வாங்கினால் உப்பல் பிரச்சினை இல்லை, ஆனால் தண்ணீரையும் சேர்த்து நிறுக்கிறார்கள், எட்டு சதவீத ஈரம் என்றால் ஒரு டன்னில் 70 கிலோவுக்கு மேல் தண்ணீர். எப்படி வாங்கினாலும் வண்டி வந்ததும் ஒரு கிலோ மணலை நிறுத்து, வாணலியில் போட்டு நன்றாக வறுத்து, ஆறியதும் மறுபடி நிறுத்துப் பாருங்கள். 930 கிராம்தான் நிற்கிறது என்றால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு விலை பேசலாம்.